இரண்டாம் மாடி டிவியில் என் குரல்: ஹாம் ரேடியோ குறுக்கீட்டை எங்கிருந்து சரிசெய்யத் தொடங்குவது?

மொட்டைமாடிக் கம்பி | ஞாயிறு, இரவு 9.50

அனைவருக்கும் வணக்கம். திருச்சியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் இருக்கிறேன். ஹாம் ரேடியோ என்னும் பொழுதுபோக்கு வானொலித் தொடர்புக்கான ஜெனரல் கிரேடு உரிமம் கைக்கு வந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. அலையை அனுப்பவும் வாங்கவும் செய்யும் 100 வாட் டிரான்ஸீவர் வைத்திருக்கிறேன். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியிலிருந்து எதிர் மூலைவரை 20 மீட்டர் கம்பி கட்டி, தொட்டிப் பக்க முனையில், கம்பியைக் கேபிளோடு பொருத்தும் 49:1 டிரான்ஸ்ஃபார்மர் வழியாக இணைத்திருக்கிறேன். 7, 14, 21 மெகாஹெர்ட்ஸ் மூன்றிலும் எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனாவிலிருந்து அலை எவ்வளவு திரும்புகிறது என்ற அளவு) நன்றாகவே இருக்கிறது.

நேற்று மாலை 14 மெகாஹெர்ட்ஸில் பேசிக்கொண்டிருந்தபோது இரண்டாம் மாடி அம்மா வந்து கதவைத் தட்டினார். ஒரு வாரமாக அவர்கள் வீட்டு ஹோம் தியேட்டரில் யாரோ மூக்கடைத்துக்கொண்டு பேசுவதுபோல் கரகரப்பு கேட்கிறதாம். படமும் இரண்டு மூன்று நொடிகள் அப்படியே நின்றுவிடுகிறதாம். டிஷ் பொருத்துபவரை இரண்டு முறை வரவழைத்துப் பணமும் கொடுத்திருக்கிறார்கள். மேலே என் குரலும் கீழே அந்தக் கரகரப்பும் ஒரே நேரத்தில் வருவதைக் கவனித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். அவர் கோபமாகப் பேசவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக உறைத்தது. அப்போதே கருவியை அணைத்துவிட்டேன், இன்னும் போடவில்லை.

அவர்கள் வீட்டில் டிடிஎச். டிஷ் மொட்டைமாடியில் இருக்கிறது. கேபிள் குழாய்ச் சந்து வழியாக இறங்குகிறது. என் கோஆக்சியல் கேபிளும் மூன்றாம் மாடிவரை அதே சந்தில்தான் வருகிறது. என் வீட்டு டிவி கேபிள் இணைப்பு. அதில் எந்தத் தொந்தரவும் இல்லை. லோ பாஸ் ஃபில்டர் (ஓர் எல்லைக்கு மேலான அலைகளை மறிக்கும் வடிகட்டி) வாங்கினால் தீருமா?

ஈரோடு 40 மீட்டர் | ஞாயிறு, இரவு 10.15

லோ பாஸ் ஃபில்டர் போடுங்கள். அதோடு நல்ல எர்த் கொடுங்கள். ஒன்று சொல்கிறேன், வருத்தப்படாதீர்கள்: உங்களிடம் உரிமம் இருக்கிறது, கருவியும் சரியாக இருக்கிறது. உங்கள் அலையை வாங்கும் வேலை அவர்கள் ஹோம் தியேட்டருக்கு இல்லை. அது வாங்குகிறது என்றால் குறை அந்தப் பெட்டியில்தான். அதற்காக நீங்கள் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை.

பழைய வால்வு | திங்கள், காலை 6.20

தம்பி, ஃபில்டருக்குக் காசு அனுப்பிவிடாதீர்கள். இரண்டு நாள் பொறுங்கள்.

1980களில் நான் 807 வால்வு போட்டு, கையால் கட்டிய டிரான்ஸ்மிட்டரில் 21 மெகாஹெர்ட்ஸில் பேசினேன். எங்கள் ஊரில் அப்போது தூர்தர்ஷன் 4ஆம் சேனலில் வந்தது. 4ஆம் சேனல் என்பது 61 முதல் 68 மெகாஹெர்ட்ஸ் வரை. படத்தைச் சுமக்கும் அலை 62.25 மெகாஹெர்ட்ஸ். நான் நின்றது 21.2. அதை மூன்றால் பெருக்கிப் பாருங்கள், 63.6 வருகிறது. நேராக அவர்கள் படத்துக்குள். நான் மோர்ஸ் சாவியைத் தட்டும்போதெல்லாம் தெருவில் ஏழெட்டு வீடுகளில் படத்தின் மேல் மீன்முள் போலக் கோடுகள் ஓடின. ஞாயிற்றுக்கிழமை மாலைத் திரைப்படத்தின்போது ஒருநாள் மறந்துபோய் டிரான்ஸ்மிட்டரைப் போட்டுவிட்டேன். வாசலில் பத்துப் பேர் நின்றார்கள்.

எனக்கு அன்று லோ பாஸ் ஃபில்டர்தான் மருந்து. 30 மெகாஹெர்ட்ஸ்வரை விட்டு அதற்கு மேல் மறிக்கும் ஃபில்டரை அலுமினியப் பெட்டிக்குள் கட்டி, டிரான்ஸ்மிட்டரையும் முழுக்க உலோகப் பெட்டியில் அடைத்தேன். மிகக் கிட்டத்தில் இருந்த இரண்டு வீடுகளில் டிவியின் பின்னால், கீழான அலைகளை மறிக்கும் ஹை பாஸ் ஃபில்டரும் போட்டேன். அதன் பிறகு கோடுகள் போயின.

உங்கள் நிலைமை வேறு. டிஷ்ஷிலிருந்து கேபிளில் இறங்குவது 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரையான அலை. 14 மெகாஹெர்ட்ஸை அறுபத்தெட்டால் பெருக்கினால்தான் அந்த வாசலுக்கே போக முடியும். அவ்வளவு உயரத்தில் உங்கள் கருவியின் ஹார்மானிக் (இரண்டு, மூன்று என்று பெருக்கி வரும் மடங்கு அலை) என்று சொல்லிக்கொள்ள எதுவும் இருக்காது. கடையில் வாங்கிய கருவியில் ஒவ்வொரு பேண்டுக்கும் (அலைவரிசைப் பிரிவுக்கும்) ஃபில்டர் உள்ளேயே இருக்கிறது. எச்.எஃப். (3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ்) கருவியின் வேண்டாத அலைகள் முதன்மை அலையைவிடக் குறைந்தது 43 டெசிபல் கீழே இருக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. 100 வாட்டுக்கு அது 5 மில்லிவாட். பக்கத்து மாடியில் ஆன்டெனா வைத்து 4ஆம் சேனல் பார்த்த காலத்தில் அந்த 5 மில்லிவாட்டே தகராறு மூட்டியிருக்கும். டிஷ்ஷுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

அப்படியானால் அவர்கள் வீட்டுக்குள் போவது எது? ஹார்மானிக் அல்ல, நீங்கள் வேண்டுமென்றே அனுப்பும் அதே 14 மெகாஹெர்ட்ஸ்தான். அது கம்பி வழியாகப் போகிறது. டிஷ் கேபிளின் வெளி உலோக உறை, ஸ்பீக்கர் ஒயர், மின்சார ஒயர் எல்லாமே அந்த அலைக்கு ஆன்டெனா. லோ பாஸ் ஃபில்டர் உங்கள் 14 மெகாஹெர்ட்ஸை மறிக்காது. மறித்தால் நீங்கள் பேசவே முடியாது.

எனவே முதலில் சோதனை. ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அம்மாவிடம் நேரம் கேட்டு, கைப்பேசியில் அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள். ஆன்டெனாவைக் கழற்றி 50 ஓம் டம்மி லோடு (அலையை வெளியே விடாமல் வெப்பமாக்கும் போலி ஆன்டெனா) போட்டு 100 வாட்டில் பேசுங்கள். தொந்தரவு நீடித்தால் கருவியின் பெட்டியோ மின்சார ஒயரோ கசிகிறது. நின்றுவிட்டால் மாடியில் இருப்பதுதான் காரணம். பிறகு ஆன்டெனாவோடு 100, 50, 25, 10 வாட் என்று இறக்குங்கள். மூன்று பேண்டிலும் செய்யுங்கள். கீழே அவர்களை ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றச் சொல்லுங்கள், பிறகு டிஷ் கேபிளைக் கழற்றச் சொல்லுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றுதான். இரண்டைச் சேர்த்துக் கழற்றினால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது.

அடுத்த வீட்டுக்காரி | திங்கள், காலை 11.05

நான் ரேடியோக்காரி இல்லை. எங்கள் பக்கத்து வீட்டில் ஒருவர் இந்தப் பொழுதுபோக்கு வைத்திருந்தார். எங்கள் வீட்டில் இதே தொல்லை இருந்தது. அப்போது தேடி வந்து இந்தத் தளத்தில் சேர்ந்தேன். ஈரோடு நண்பருக்கு ஒன்று சொல்ல வேண்டும். என் மாமனாருக்குக் காது மந்தம். இரவு எட்டு மணிச் செய்திதான் அவருடைய ஒரே பொழுது. அந்த நேரத்தில் பெட்டி கரகரத்தால் "குறை உங்கள் பெட்டியில்" என்ற பதில் எங்களுக்கு எதற்கு உதவும்? பெட்டி சரியில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அவர் பேசாதபோது அது சரியாகத்தானே இருந்தது?

எங்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் மேல் நம்பிக்கை வந்தது, அவர் நோட்டோடு வந்து உட்கார்ந்த அன்றுதான். எத்தனை மணிக்கு, எப்படிப்பட்ட சத்தம், எந்தச் சேனல் என்று கேட்டு எழுதினார். சரியாவதற்கு ஒரு மாதம் ஆனது. ஒருநாளும் நாங்கள் முகம் சுளிக்கவில்லை. செய்தி நேரத்தில் பேசமாட்டேன் என்று அவர் முதல் நாளே சொல்லி, சொன்னபடி நடந்தார்.

ஈரோடு 40 மீட்டர் | திங்கள், மதியம் 1.30

அம்மா, நான் சட்டத்தை நினைத்து எழுதினேன். மாமனார் விஷயம் படித்த பிறகு அப்படி எழுதியிருக்கக் கூடாது என்று தோன்றுகிறது. மன்னியுங்கள். ஆனால் எர்த் பற்றிச் சொன்னதில் மாற்றமில்லை. எர்த் இல்லாத நிலையத்தில் இருந்துகொண்டு கீழ் வீட்டைச் சோதிப்பதில் பொருள் இல்லை.

பழைய வால்வு | திங்கள், மாலை 5.45

எர்த் வேண்டும், மறுக்கவில்லை. மின் அதிர்ச்சிக்கும் இடிக்கும் அது காவல். ஆனால் மூன்றாம் மாடியிலிருந்து தரைக்கு இறங்கும் எர்த் ஒயர் பத்து மீட்டருக்கு மேல் வரும். 14 மெகாஹெர்ட்ஸுக்கு அரை அலை நீளமே பத்தரை மீட்டர்தான். அந்த ஒயர் எர்த்தாக இருக்காது; சுவரோடு இறங்கும் இன்னோர் ஆன்டெனாவாக இருக்கும், அதுவும் இரண்டாம் மாடி ஜன்னலை ஒட்டி. குறுக்கீட்டுக்கு மருந்தாக அதை நம்பிப் பலர் தொல்லையைக் கூட்டிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

டிவி மெக்கானிக் | திங்கள், இரவு 10.10

இருபத்திரண்டு வருடமாக டிவி, ஆம்ப்ளிஃபையர் சர்வீஸ் செய்கிறேன். ஹோம் தியேட்டரில் குரல் வருவது ஏன் என்று சொல்கிறேன் சார். பின்பக்க ஸ்பீக்கருக்கு ஐந்தாறு மீட்டர் ஒயர் ஓடும். ஐந்து மீட்டர் சொச்சம் என்பது 14 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலை நீளம். அது பிடிக்கும் அலை ஆம்ப்ளிஃபையர் ஐசிக்குள் பின்வாசல் வழியாகப் போகிறது. அங்கே இருக்கும் டிரான்ஸிஸ்டர் சந்திகள் டயோடுபோல வேலை செய்து அலையின் ஏற்ற இறக்கத்தை ஒலியாக்கிவிடுகின்றன. நீங்கள் எஸ்.எஸ்.பி.யில் (சுமக்கும் அலையை விட்டுவிட்டு ஒரு பக்க அலையை மட்டும் அனுப்பும் முறை) பேசுவதால் சொல் புரியாது, கரகரப்பாக மூக்கால் பேசுவதுபோல் இருக்கும். மத்திய அலை வானொலிபோல ஏ.எம்.மில் பேசினால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கும். மோர்ஸ் தட்டினால் தட்டுத் தட்டு என்று வரும்.

ஒலிக் குமிழைக் குறைத்தால் அந்தச் சத்தமும் குறைகிறதா என்று கேளுங்கள். குறையவில்லை என்றால் குமிழுக்குப் பின்னால்தான் நுழைகிறது. அப்போது ஸ்பீக்கர் ஒயரைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

மொட்டைமாடிக் கம்பி | புதன், இரவு 9.30

பழைய வால்வு ஐயா, நீங்கள் சொன்னபடியே செய்தேன். அந்த அம்மா ஒரு மணி நேரம் பொறுமையாக உட்கார்ந்து சொன்னார். அவர்களுடைய கல்லூரி மகனும் உதவினான்.

டம்மி லோடில் 100 வாட்: மூன்று பேண்டிலும் எதுவும் இல்லை.

ஆன்டெனாவோடு 14 மெகாஹெர்ட்ஸ், 100 வாட்: படம் நிற்கிறது, ஒலியும் வருகிறது. 50 வாட்டில் படம் எப்போதாவது நிற்கிறது. 25 வாட்டில் படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒலி மிகவும் குறைந்து, ஆனால் கேட்கிறது. 10 வாட்டில் எதுவும் இல்லை. 21 மெகாஹெர்ட்ஸில் ஒலி மட்டும். படம் நிற்கவே இல்லை. 7 மெகாஹெர்ட்ஸில் 100 வாட்டிலும் லேசான ஒலிதான்.

குமிழை முழுக்கக் குறைத்தாலும் சத்தம் அப்படியே இருக்கிறது. பின்பக்க ஸ்பீக்கர் ஒயர் இரண்டையும் கழற்றியதும் 14இல் ஒலி அடியோடு போய்விட்டது. 21இல் பாதி மிச்சம். படம் நிற்கும்போது செட்-டாப் பாக்ஸில் "சிக்னல் இல்லை" என்று வருகிறது.

பழைய வால்வு | வியாழன், காலை 6.05

அருமையான குறிப்பு. இதில் பாதி விடை இருக்கிறது. வாட்டை நாலில் ஒன்றாக்கினால் காற்றில் அலையின் வலிமை பாதியாகிறது. ஆனால் மெக்கானிக் தம்பி சொன்ன அந்த டயோடு வேலையில் வரும் ஒலி வாட்டைப் பின்பற்றும், நாலில் ஒன்றாகிவிடும். அதனால்தான் 25 வாட்டில் அவ்வளவு குறைந்தது. படம் அப்படி இல்லை. டிஜிட்டல் பெட்டி ஓர் எல்லைவரை தாங்கும், அதைத் தாண்டினால் ஒரேயடியாக விழும்.

அந்த டிஷ் கேபிளின் நீளத்தை அளந்து சொல்லுங்கள். பத்து, பதினொரு மீட்டர் இருக்கும் என்பது என் ஊகம். அது 14 மெகாஹெர்ட்ஸின் அரை அலை நீளம்; 14இல் மட்டும் படம் நிற்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். அந்தக் கேபிளில் சிக்னல் மட்டுமா போகிறது? டிஷ் முனையில் சிக்னலை வாங்கும் எல்.என்.பி. என்ற பெட்டிக்கு 13 அல்லது 18 வோல்ட்டும், 22 கிலோஹெர்ட்ஸ் கட்டளையும் அதே கேபிளில்தான் போகின்றன. அங்கே உங்கள் அலை புகுந்து குழப்பினால் "சிக்னல் இல்லை" என்றுதான் வரும்.

இப்போது உங்கள் ஆன்டெனா. முனையில் ஊட்டும் அரை அலைக் கம்பிக்குத் திரும்பும் மின்னோட்டம் எங்காவது ஓடியாக வேண்டும். நீங்கள் எதிர்க் கம்பி எதுவும் கட்டவில்லை. எனவே அது உங்கள் கோஆக்சியல் கேபிளின் வெளி உறை மேல் ஓடி, குழாய்ச் சந்தில் அவர்கள் கேபிளுக்கு ஒட்டியே இறங்குகிறது. மாடிக் கம்பியைவிட அந்தச் சந்துதான் அவர்களுக்கு எமன். எஸ்.டபிள்யூ.ஆர். நன்றாக இருப்பதால் இது உங்களுக்குத் தெரியாது. மீட்டர் இதைக் காட்டாது. அந்த மின்னோட்டத்தை மறிக்க சோக் போட வேண்டும்: ஃபெரைட் என்ற காந்தப் பொருள் வளையத்தில் கேபிளைப் பல சுற்று சுற்றுவதுதான் சோக்.

145 | வியாழன், காலை 9.15

சிறிய இடைச்செருகல். 2 மீட்டர் பேண்டில் பேசுபவர்களும் இதைப் படிப்பீர்கள் என்பதால் எழுதுகிறேன். கேபிள் டிவியில் எஸ்6 என்ற சேனல் 139 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை. நம் 144 முதல் 146 அதற்குள்ளேயே இருக்கிறது. கேபிள் ஒழுங்காக மூடியிருந்தால் இரண்டும் சந்திக்கவே சந்திக்காது. எங்கள் தெருவில் இணைப்பானுக்குள் உறையைச் சேர்க்காமல் கையால் முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். நான் 25 வாட்டில் பேசினால் நாலு வீட்டில் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. நல்ல எஃப் கனெக்டர் (டிவி கேபிள் முனையில் திருகும் இணைப்பான்) வாங்கிக் கொடுத்து, இணைப்புக்காரரைக் கூடவே இருந்து மாற்ற வைத்தேன். தீர்ந்தது. ஃபெரைட் எதுவும் தேவைப்படவில்லை.

டிவி மெக்கானிக் | வியாழன், இரவு 10.40

ஃபெரைட் விஷயத்தில் ஏமாறாதீர்கள் சார். கேபிள் மேல் கவ்விக்கொள்ளும் சின்ன ஃபெரைட்டை ஒன்று மாட்டிவிட்டு "பலனில்லை" என்பவர்கள்தான் அதிகம். 14 மெகாஹெர்ட்ஸுக்கு ஒரு முறை நுழைந்தால் போதாது. தடுப்பு, சுற்று எண்ணிக்கையின் வர்க்கமாக ஏறும்: ஒரு சுற்றுக்கு ஒரு பங்கு என்றால் மூன்றுக்கு ஒன்பது, பத்துக்கு ஏறத்தாழ நூறு. பெரிய வளையமாக வாங்குங்கள். 2.4 அங்குல வெளி விட்டம், 31ஆம் ரகம். எச்.எஃப்.க்கு அதுதான் ஏற்றது. மெல்லிய கோஆக்சியல் கேபிளைப் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றலாம்.

பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளையில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு வளையம் இருக்கும். பழைய சாமான் கடைகளில் "ஃபெரைட்" என்று அதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். அது இரும்புத் தூள் வளையம். இந்த வேலைக்கு உதவாது. நானே இரண்டு முறை அதைச் சுற்றி நேரத்தை வீணாக்கியிருக்கிறேன்.

இன்னொன்று: அவர்கள் பெட்டியை நீங்கள் திறக்காதீர்கள். உள்ளே ஒரு கெபாசிட்டர் போட்டால் தீரும் என்று தெரிந்தாலும் திறக்காதீர்கள். ஆறு மாதம் கழித்து அது வேறு எதற்காகக் கெட்டாலும் கை வைத்தவர் நீங்கள்தான். வெளியே ஒயரில் சுற்றுவது மட்டும்.

மாணவன் | வெள்ளி, இரவு 8.00

ஐயா, சோக்கை எங்கே வைக்க வேண்டும்? டிரான்ஸ்ஃபார்மரை ஒட்டியா, கருவியை ஒட்டியா?

பழைய வால்வு | வெள்ளி, இரவு 9.10

நல்ல கேள்வி. டிரான்ஸ்ஃபார்மரை ஒட்டியே வைத்துவிட்டால் திரும்பும் மின்னோட்டத்துக்கு வழியே இல்லாமல் போகும், எஸ்.டபிள்யூ.ஆர். நிலைகொள்ளாது. மிகக் குறைந்த பேண்டின் அலை நீளத்தில் இருபதில் ஒரு பங்கு தள்ளி வையுங்கள். 7 மெகாஹெர்ட்ஸுக்கு அது சுமார் இரண்டு மீட்டர். அந்த இரண்டு மீட்டர் உறையே எதிர்க் கம்பியாக வேலை செய்யும், அதுவும் மாடியிலேயே. இன்னொரு சோக் கேபிள் உங்கள் அறைக்குள் நுழையும் இடத்தில். தம்பிக்கு இடம் இருந்தால் நடுவில் ஊட்டும் டைபோலுக்கு மாறிவிடுவதே மேல் என்பேன். இரு கையும் சமமாக இருக்கும் ஆன்டெனா கேபிளை ஆன்டெனாவாக்குவது குறைவு. ஆனால் சோக் அதற்கும் வேண்டும்.

ஈரோடு 40 மீட்டர் | வெள்ளி, இரவு 9.40

முனையில் ஊட்டும் கம்பியை இவ்வளவு குறை சொல்ல வேண்டியதில்லை. இடமில்லாத வீட்டில் அதை விட்டால் வேறு வழி என்ன? நானும் ஐந்து வருடமாக அதைத்தான் வைத்திருக்கிறேன். என்னைச் சுற்றி வயல், அதனால் புகார் வந்ததில்லை என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

மொட்டைமாடிக் கம்பி | பதினைந்து நாள் கழித்து, ஞாயிறு, மாலை 6.30

வளையங்கள் வந்து சேர ஒரு வாரம் ஆகிவிட்டது. நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் டிஷ் கேபிளை அளந்தேன்: 10.8 மீட்டர். ஐயாவின் ஊகம் அப்படியே பலித்தது.

போன வாரச் சனிக்கிழமை இரண்டு சோக்குகளையும் போட்டேன், ஒன்று டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து இரண்டு மீட்டரில், மற்றது அறை நுழைவில். ஒவ்வொன்றும் பன்னிரண்டு சுற்று. என் அறையிலேயே மாற்றம் தெரிந்தது: முன்பெல்லாம் 14இல் பேசும்போது மைக்கின் உலோகத்தில் உதடு பட்டால் சுரீர் என்றிருக்கும், அது போய்விட்டது. அதுவும் இதே நோயின் அறிகுறி என்று எனக்குத் தெரியாமல் இருந்தது. பெட்டியின் கோளாறு என்று நினைத்திருந்தேன். கீழே 100 வாட்டில் படம் ஒரே ஒரு முறை நின்றது.

மறுநாள் என் கேபிளைக் குழாய்ச் சந்திலிருந்து எடுத்து, கட்டடத்தின் எதிர்ப்பக்கச் சுவர் வழியாக இறக்கினேன். நான்கு மீட்டர் கூடுதல் கேபிள் செலவானது. அதன் பிறகு இன்றுவரை படம் நிற்கவில்லை. இதை முதலில் செய்திருந்தால் சோக் இல்லாமலே தீர்ந்திருக்குமோ என்று தெரிந்துகொள்ள ஒருநாள் சோக்குகளைக் கழற்றிப் பார்த்தேன். படம் மறுபடி எப்போதாவது நின்றது. இரண்டும் வேண்டும்.

ஹோம் தியேட்டருக்கு, பின்பக்க ஸ்பீக்கர் ஒயர் ஒவ்வொன்றையும் ஆம்ப்ளிஃபையரை ஒட்டி ஒரு வளையத்தில் ஒன்பது சுற்று சுற்றிக் கொடுத்தேன். அந்த வீட்டு மகனே சுற்றினான். நான் பெட்டியைத் தொடவில்லை. 7இலும் 14இலும் 100 வாட்டில் எதுவும் கேட்கவில்லை. டிஷ்காரருக்கு அவர்கள் கொடுத்த பணத்தைத் திருப்பித் தர முயன்றேன். அந்த அம்மா வாங்க மறுத்துவிட்டார். வளையங்களின் விலையையாவது நான்தான் ஏற்பேன் என்று சொல்லிவிட்டேன்.

21இல் மட்டும் இன்னும் தீரவில்லை. ஸ்பீக்கர் ஒயர்களை முழுக்கக் கழற்றினாலும் சப்வூஃபரில் மெல்லிய கரகரப்பு. 40 வாட்டுக்கு இறக்கினால் கேட்பதில்லை. இப்போதைக்கு மாலையில் 21க்குப் போவதில்லை, போனாலும் 40 வாட்தான்.

டிவி மெக்கானிக் | ஞாயிறு, இரவு 9.55

சப்வூஃபர் தனி மின் இணைப்பா சார்? அப்படியென்றால் அதன் மின்சார ஒயரும், டிவியிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்கு வரும் ஆடியோ ஒயரும் மிச்சம் இருக்கின்றன. மூன்றரை மீட்டர் அளவில் ஒயர் ஏதாவது இருக்கிறதா பாருங்கள், 21க்கு அது கால் அலை. முதலில் ஆடியோ ஒயரைக் கழற்றச் சொல்லுங்கள். அப்படியும் சத்தம் வந்தால் மின்சார ஒயரைச் செருகு முனைக்குப் பக்கத்தில் சுற்றுங்கள். ஒயரை வெட்ட வேண்டாம், பிளக் நுழையும் அளவுக்குப் பெரிய வளையம் போதும்.

மொட்டைமாடிக் கம்பி | ஞாயிறு, இரவு 10.20

தனி இணைப்புதான். மின் ஒயர் ஒன்றரை மீட்டர், ஆனால் மூன்று மீட்டர் எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகியிருக்கிறார்கள். அதை நான் எண்ணவே இல்லை. இன்னும் ஒரு வளையம் கையில் இருக்கிறது. அவர்கள் வெள்ளிக்கிழமைவரை ஊரில் இல்லை; சனிக்கிழமை சுற்றிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.